நீல நிறம் இடது காதுக்கு

பெட்டியைத் திறந்ததும் நகப்பூச்சு வாசனை அடித்தது. எனக்கு உடனே ஆண்டு விழா ஒப்பனை அறை ஞாபகம் வந்தது. அதற்கு அடுத்து நீ. உனக்கு நகப்பூச்சு பூச யாரும் வரவில்லை என்பது மூன்றாவதாக வந்தது.

பெட்டிக்குள் இரண்டு சின்னக் காதுகள் இருந்தன. சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. கண்ணாடிபோல வழவழப்பாக, என் காதின் உட்பக்கம் எப்படி வளைந்து போகிறதோ அப்படியே வளைந்து இருந்தன. என் காதுக்கென்றே அச்செடுத்துச் செய்த இயர்போன். உலகத்தில் வேறு யார் காதுக்கும் இது பொருந்தாதாம்.

என் காதில் எந்த இயர்போனும் நிற்காது என்பது உனக்குத்தான் முதலில் தெரியும். பேருந்து குலுங்கினால் விழும், நான் தலையாட்டினால் விழும். "இது காது ஓட்டையா இல்ல எங்கூரு மலை ரோடாடி? இத்தன வளைவு இருக்குது!" என்று நீ என் காதுக்குள் எட்டிப் பார்ப்பாய். ஓசூரில் வேலை பார்க்கும் என் அண்ணனிடம் நீ இல்லாத காலத்தில் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவனுடைய சிநேகிதன் ஒருவன் பெங்களூரில் மேடைப் பாடகர்களுக்கு இதைச் செய்து தருகிற இடத்தில் இருக்கிறான். பழகுவதற்காக ஒரு ஜோடி செய்து பார்க்க அவனுக்குக் கோணல் காது ஒன்று வேண்டியிருந்தது. என் காது பெங்களூர் போயிற்று.

விளக்கடித்துப் பார்த்தார்கள். நூல் கட்டிய பஞ்சை உள்ளே தள்ளினார்கள். பிறகு சப்பாத்தி மாவு போன்ற ஒன்றை, சில்லென்று, ஊசி இல்லாத ஊசியால் காது நிறைய அழுத்தினார்கள். ஐந்து நிமிடம் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. வெளி உலகம் மொத்தமாக நின்றுபோனது. என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. மாவு இறுகியதும் பிடுங்கி எடுத்து என் கையில் வைத்தார்கள். அதைப் பார்த்தால் உங்கள் வத்தல்மலைச் சாலையேதான். நீ சொன்னது பொய்யில்லை.

செய்து தந்தவர்கள் ஒரு தாளும் வைத்திருந்தார்கள். முதலில் போட்டுப் பார்த்தபோது எப்படி இருந்தது, எது பிடித்தது, குறை என்ன என்று எழுதி அனுப்ப வேண்டும். எழுதுவதென்றால் எனக்குக் கை பரபரக்கும் என்று உனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்கு அனுப்பும் முன் உனக்கு எழுதியாக வேண்டும். ஏனென்றால் இந்தப் பொருளால் நான் கேட்ட முதல் முக்கியமான சத்தம் நீ.

ஞாயிற்றுக்கிழமை பகலில் போட்டுப் பார்த்தேன். பின்பக்கமாகச் சுழற்றித் திருகினால் சட்டென்று உட்காருகிறது. இடது காதில் கொஞ்சம் வலி. முறுக்கைக் கடித்தால் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல் இருக்கிறது. என் குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிறது. அம்மா மூன்று முறை கூப்பிட்டு, நான்காவது முறை முதுகில் ஒன்று வைத்தாள். "செவிடாயிட்டியாடி? வூடு தீப்புடிச்சாக்கூட உனக்குத் தெரியாது போலிருக்குது!" உண்மைதான். எதுவும் தெரியவில்லை. ஆனால் பாட்டு கேட்டது. நாம் பேருந்தில் கேட்ட அதே பாட்டுகள். அவற்றில் நான் இதுவரை கேட்டிராத புல்லாங்குழல் இருந்தது. பெண் குரலுக்குப் பின்னால் இன்னொரு பெண் குரல் இருந்தது. எல்லாம் இடது பக்கத்தில்.

அப்போதுதான் புரிந்தது. உங்கள் ஊர்ப் பேருந்து மலையிலிருந்து இறங்கி அடிவாரத்துக்கு வரும்போது நீ ஏற்கெனவே ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாய். சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாய். நீ எனக்கு இடது புறம். ஒரே ஒயரில் இடது முனை உனக்கு, வலது முனை எனக்கு. மூன்று வருடம் நான் எல்லாப் பாட்டிலும் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன். மீதிப் பாதி முழுவதும் நீ கேட்டது.

பாட்டு இல்லாத நேரத்தில் போனில் வானொலி. அறிவிப்பாளர் பேசி முடிப்பதற்குள் நீ அதே குரலில் திருப்பிச் சொல்வாய். "நேயர்களே, அடுத்த நிறுத்தம் தருமபுரி பேருந்து நிலையம். கண்டக்டர் அண்ணன் சில்லறை இல்லை என்று சொல்லவிருக்கிறார்." கண்டக்டரே சிரித்துவிடுவார். "ரேடியோ ஸ்டேசனு ஏறியாச்சு, போலாம் ரைட்!"

ஒன்பதாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்கு வரவேற்புப் பாட்டு எழுதச் சொன்னார்கள். நான் எழுதினேன், நீ மெட்டுப் போட்டாய். பயிற்சியில் நீ பாடும்போது அடுத்த வகுப்பு டீச்சர்கூட வாசலில் வந்து நின்றார். விழாவுக்கு நான்கு நாள் முன்பு நம் இருவரையும் விழாப் பொறுப்பு டீச்சர் ஆசிரியர் அறைக்கு அழைத்தார். அவரை நாம் விழா டீச்சர் என்றுதான் சொல்வோம். அங்கே பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரின் மகள் தாரணி முன்பே நின்றுகொண்டிருந்தாள், நம் வகுப்புதான்.

"மேடைக்குன்னு ஒரு இது இருக்குதில்ல? தாரணி நிக்கட்டும். நீ பாடி போன்ல பதிஞ்சு குடுத்துரு, அவ வாய அசைச்சுக்குவா. உனக்கென்னா, உள்ளாற உக்காந்து பாடறதுக்குப் புதுத் துணிகூட வேணாம்" என்றார் டீச்சர்.

நீ தரையைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

டீச்சரும் என்னைப் பார்த்தார். "கயலு, பாட்டு எழுதினது நீதான்னு மைக்ல சொல்லச் சொல்றன். சரியா?"

"சரிங்க டீச்சர்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. எத்தனையோ புத்தகம் படித்தவள், கட்டுரைப் போட்டியில் அநீதியைப் பற்றி மூன்று பக்கம் எழுதியவள், இரண்டு சொல் சொன்னேன்.

அன்று சாயங்காலம் ஆய்வகத்தில் பதிவு. வெளியே பெஞ்சு இழுக்கும் சத்தம். நான் தாழ்வாரத்தில் நின்று எல்லோரையும் அடக்கிக்கொண்டிருந்தேன். நீ உள்ளே தனியாகப் பாடினாய். நீயே நிறுத்திக்கொண்டு போனை என் கையில் கொடுத்தாய். மறுநாள் காலைப் பேருந்தில் இருவரும் கேட்டோம். பாட்டு முடிந்து, மின்விசிறியின் இரைச்சல் மட்டும் கொஞ்சம் ஓடியது. நான் காதிலிருந்து எடுக்கப் போனேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

"என்னாடி சிரிக்கற?"

"ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழம பாரு."

வெள்ளிக்கிழமை நம் இருவரையும் வாசலில் நிறுத்தினார்கள். வருகிறவர்களுக்கு நீ பன்னீர் தெளிக்க வேண்டும், நான் கற்கண்டுத் தட்டை நீட்ட வேண்டும். ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தது. ஒருவருக்கே இரண்டு முறை கற்கண்டை நீட்டினேன், அத்தனை சந்தோஷம். பிறகு உன் குரல் வந்தது. மேடையில் தாரணி கையை விரித்து நின்றிருப்பாள். வாசலில் இருந்து நமக்குத் தெரியவில்லை. பாட்டு முடிந்தது. கைதட்டல். நீ பன்னீர்ச் செம்பைப் பிடித்தபடி ஒலிபெருக்கியையே பார்த்து நின்றாய். எதற்கோ காத்திருப்பவள்போல. அடுத்து நடன அறிவிப்பு வந்துவிட்டது.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாய்.

"ம்."

"முழுசா போட்டாங்களா?"

"முழுசாத்தாண்டி போட்டாங்க. எம் பேரு கேட்டுச்சா உனக்கு?"

செம்பில் மிச்சமிருந்த பன்னீர் முழுவதையும் என் முகத்தில் கொட்டினாய். "கேட்டுச்சு" என்றாய். விளையாடுகிறாய் என்று நினைத்து நான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு பேருந்தில் நீ வானொலிக் குரலில் பேசவே இல்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. மூன்று மாதத்தில் உனக்கு மஞ்சள் காமாலை. இலை மருந்தில் சரியாகிவிடும் என்று காத்திருந்துவிட்டு, கண் முழுக்க மஞ்சளான பிறகு உன்னைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார்கள். நான் பார்க்க வந்த அன்று உனக்கு நினைவில்லை. பள்ளியில் இரண்டு நிமிடம் மௌனம் காத்தோம். உன் பெயருக்கு முன்னால் உன் அப்பாவின் எழுத்தைத் தப்பாக வாசித்தார் விழா டீச்சர். யாரும் திருத்தவில்லை. நானும்.

அடுத்த வருட விழாவிலும் அதே பாட்டு, அதே தாரணி. வேறு எங்காவது பாடச் சொன்னால் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். இந்த வருடம் நாங்கள் பதினொன்றாம் வகுப்பு. "நம் பள்ளியின் குரல்" என்று தாரணிக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகவும், பாட்டை எழுதிய எனக்கு அதே மேடையில் கேடயம் என்றும் போன மாதம் சொன்னார்கள். பாட்டுப் போடும் பொறுப்பும் எனக்குத்தான். என் போனில்தானே இருக்கிறது. நீ போன பிறகு அதை நான் தனியாக ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். இரண்டு காதும் அடைத்து, அம்மாவின் குரல்கூட நுழையாத அந்த அமைதியில் உன் மூச்சு இழுக்கும் சத்தத்திலிருந்து கேட்டேன். பாட்டு முடிந்தது. மின்விசிறி இரைந்தது. நீலத்தில், நீலத்தில் மட்டும், ரகசியம் சொல்வதுபோல் நீ பேசினாய். போனின் ஓரத்தில் வாயை வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். உன் வானொலிக் குரல்.

"நேயர்களே, இதுவரை நீங்கள் கேட்ட பாடலைப் பாடியவர்..." என்று உன் பெயரை, உன் அப்பாவின் எழுத்தோடு, ஊரோடு சொன்னாய். "மேடையில் வாயசைத்தவர், தலைவர் மகள் தாரணி. பாடலை எழுதியவர் கயல்." பிறகு வானொலி போய் உன் குரலே வந்தது. "டீச்சரு சொன்னப்ப அவளும் பக்கத்துலதான் நின்னா. ஒண்ணும் பேசல. வணக்கம்."

ஏழெட்டு முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் சிவப்பை மட்டும் வைத்துக் கேட்டால் விசிறிச் சத்தம்தான். நீலத்தை வைத்தால் நீ.

வாசலில் நீ எதற்குக் காத்திருந்தாய் என்று அப்போதுதான் தெரிந்தது. ஊர் முழுக்கக் கேட்கப் போகிறது என்று செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். எதுவும் வரவில்லை. பக்கத்தில் நின்றவள் தன் பெயர் கேட்டதா என்று கேட்கிறாள். நீ என் மேல் கொட்டியது பன்னீர் என்பது உன் நல்ல மனசு.

நான் அழுதேன் என்று எழுத மாட்டேன். எனக்குக் கோபம் வந்தது. இந்த வாரம் முழுக்கச் சோறு இறங்காத கோபம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர்கள் எழுதினேன். தாரணி. விழா டீச்சர். தலைவர். அவர்கள் முகம் எப்படி மாற வேண்டும் என்று ஒவ்வொரு பெயருக்கும் நேரே எழுதினேன். நான்காவதாக என் பெயரை எழுதிவிட்டு, அதற்கு நேரே எதுவும் எழுத வரவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். பதிவை அனுப்பினேன். கேட்டுவிட்டு அவனே கூப்பிட்டான்.

"இடது பக்கத்த ரெண்டு பக்கத்துக்கும் வர மாதிரி பண்ணிக் குடுக்கறன். கடைசியில சத்தத்தயும் ஏத்திடறன். ஆனா அந்தக் கடைசி ரெண்டு வரி உன்னப் பத்தி இல்ல வருது? வெட்டிடலாம் பாப்பா. ரெண்டு நிமிச வேல. உனக்குக் கேடயம் வேற தராங்க."

"வெட்டிடுண்ணா" என்றேன். ஆமாம், சொன்னேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

புதன்கிழமை அவன் அனுப்பினான். போட்டுக் கேட்டேன். "பாடலை எழுதியவர் கயல். வணக்கம்." எவ்வளவு மரியாதையாக இருந்தது! நீ என்னைக் கௌரவித்ததுபோல. உன் குரலில் என் பொய். ஆசிரியர் அறையில் செய்ததையே இரண்டாம் முறை செய்திருந்தேன், இந்த முறை டீச்சர்கூடப் பக்கத்தில் இல்லை. அதை அழித்தேன். முழுசாக அனுப்பு என்று அண்ணனிடம் சொன்னேன். "உன்னய ஸ்கூல்ல என்னா பண்ணுவாங்கன்னு தெரியுமா?" என்றான். "தெரியுண்ணா" என்றேன். தெரியாது.

வியாழக்கிழமை மைக்செட் அண்ணன் வந்து பெட்டிகளை இறக்கினார். அவர் போன் ஒயரில் சிவப்பு முனையை மட்டும் செருகி, வெள்ளை முனையைச் சும்மா தொங்கவிட்டார்.

"அது எதுக்குண்ணா தொங்குது?"

"அது இடது பக்கம் பாப்பா. ரெண்டும் குடுத்தா இரையும். ஸ்கூலு பங்சனுக்கு ஒத்த ஒயரு போதும். எப்பவும் செவப்புத்தான் சொருகுவன்."

"ரெண்டு வருசம் முன்னாடியும் இப்படித்தானா?"

"இருவது வருசமா இப்படித்தான்" என்றார் பெருமையாக. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்தத் தொங்கிய வெள்ளை முனையை நான் மறக்க மாட்டேன். உன்னை அதில்தான் தொங்கவிட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தாரணி பச்சைப் பட்டுப் பாவாடையில் மேடையேறினாள். நீ பாடினாய், அவள் கையை விரித்தாள். பாட்டு முடிந்ததும் தலைவர் பொன்னாடையைப் பிரித்தார். கைதட்டல் தொடங்கியது. நான் சத்தத்தைக் கடைசி வரை திருகினேன்.

"நேயர்களே" என்றாய்.

கைதட்டல் பாதியில் நின்றது. உன் பெயர் மைதானத்துச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. தாரணியின் வாய் இன்னும் திறந்தே இருந்தது, ஆனால் அசையவில்லை. தலைவர் பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு யார் தோளில் போடுவது என்று தெரியாமல் நின்றார். விழா டீச்சர் என்னை நோக்கி ஓடி வந்தார். அதற்குள் என்னைப் பற்றிய இரண்டு வரியும் முடிந்து, வணக்கமும் சொல்லிவிட்டாய். பின்வரிசையில் விடுதிப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். உன் ஊர்க்காரி ஒருத்தி, ஆறாம் வகுப்புதான் இருக்கும், கத்தினாள்: "எங்கூரு அக்கா! எங்கூரு அக்கா! இன்னொருவாட்டி போடுங்க!"

போட்டேன். டீச்சர் கை என் கையை எட்டுவதற்குள் இன்னொரு முறை போட்டேன்.

எனக்கு இனித்தது. இதை மறைக்கப் போவதில்லை. தாரணி அழுதாள், எனக்கு இரக்கம் வரவில்லை. இரண்டு விழா அவள் சிரித்ததற்கு ஒரு விழா அழட்டும் என்று இருந்தது. ஒருநாள் இரக்கம் வருமோ என்னவோ. வந்தால் அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

மேடைக்குப் பின்னால் டீச்சர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "என்னா காரியம்டி பண்ணியிருக்கற? உம் பேருந்தான அதுல வருது? உனக்கே வெக்கமா இல்ல?"

"இருக்குதுங்க டீச்சர்" என்றேன். "ரெண்டு வருசமா இருக்குதுங்க."

அவர் கையை எடுத்துவிட்டார்.

கேடயம் தரவில்லை. திங்கட்கிழமை அப்பாவை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவிடம் பாட்டைப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும், "அந்தப் புள்ள பேர மட்டும் இன்னொருக்கா வெய்யி" என்றார். வைத்தேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை, வருகிறேன் என்றார். நோட்டில் என் பெயருக்கு நேரே இப்போது எழுதிவிட்டேன். என்ன எழுதினேன் என்பது உனக்குத் தெரியும். வணக்கத்துக்கு முன்னால் நீதான் முதலில் சொன்னாய்.

இன்று சனிக்கிழமையும் பள்ளி. காலையில் உங்கள் ஊர்ப் பேருந்தில் ஏறினேன். ஜன்னலோரம் காலியாக இருந்தது. நான் அங்கே உட்காரவில்லை, அதற்கு அடுத்த இடத்தில்தான் உட்கார்ந்தேன். கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "நேத்து ரேடியோ ஸ்டேசன் மறுபடி பேசுச்சாமே?" என்று கேட்டது உதட்டசைவில்தான் புரிந்தது. தலையாட்டினேன். எதுவும் காதிலிருந்து விழவில்லை. எவ்வளவு குலுங்கினாலும் இது விழாது.

பெங்களூர்க்காரர்களின் தாளை மடியில் வைத்து நிரப்பினேன். எப்படி இருந்தது என்ற இடத்தில், இடது பக்கம் மிகத் தெளிவாக இருக்கிறது என்று எழுதினேன். குறை என்ன என்ற இடத்தில் ஒன்றே ஒன்றுதான் எழுத இருந்தது: இதில் ஒரு முனையைக் கழற்றிப் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுக்க முடியாது.

பிறகு சிவப்பைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பள்ளிவரை வந்தேன். வலது பக்கத்தை நான் போதுமான அளவு கேட்டாயிற்று.